பழைய ரயில் போஸ்டர்: எது அசல், எது நகல், வடசென்னைச் சுவரில் எது தாங்கும்?

வீட்டுக் கூடத்தில் மாட்டப் பழைய ரயில் போஸ்டர் ஒன்று வேண்டும் என்று இணையத்தில் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது தலைசுற்றல்தான். ஒரே தாஜ்மகால் படம் ஓரிடத்தில் சில நூறு ரூபாய், இன்னோரிடத்தில் பல ஆயிரம். இரண்டின் அடியிலும் 'விண்டேஜ்' என்ற அதே சொல். ராயபுரம் நிலையத்தின் தூண்களை வரைந்து, பக்கத்தில் புகைவிடும் எஞ்சினை நிறுத்தி, கீழே 1856 என்று எழுதிவிட்டால், அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவருக்கு அதை வாங்காமல் நகர மனம் வராது. வாங்கலாம். ஆனால் அது 1856-இல் அச்சான தாள் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. ஏன் என்பதை அச்சுத் தொழிலின் வரலாறே சொல்லிவிடும்.

ஒரு சொல், மூன்று பொருள்கள்

'விண்டேஜ் போஸ்டர்' என்ற பெயரில் விற்பவை மூன்று வகை.

1. அசல். ரயில் கம்பெனியோ அரசு ரயில்வேயோ தன் விளம்பரத்துக்காக அந்தக் காலத்திலேயே அச்சிட்டது. நிலையச் சுவரிலும் பயண ஏற்பாட்டு அலுவலகங்களிலும் ஒட்டி, பருவம் முடிந்ததும் கிழித்துப் போடப்பட்டது. எஞ்சியவை குறைவு என்பதால்தான் விலை அதிகம்.

2. மறு அச்சு. அசலைப் படமெடுத்து இன்றைய இயந்திரத்தில் அச்சிட்டது. படம் பழையது, தாளும் மையும் புதியவை.

3. பழைய பாணியில் வரைந்த புதுப்படம். இன்றைய ஓவியர் ஒருவர் அந்தக் கால எழுத்துருவையும் தட்டையான வண்ணங்களையும் கையாண்டு வரைந்தது, அல்லது கணினி உருவாக்கியது. அப்படி ஒரு போஸ்டர் எந்த நிலையத்திலும் ஒட்டப்பட்டதே இல்லை.

மூன்றில் எதை மாட்டினாலும் சுவர் அழகாகத்தான் இருக்கும். நல்ல ஓவியர் கைபட்ட மூன்றாம் வகைப் படம், மங்கலாக அச்சான இரண்டாம் வகையைவிட மேல். குற்றம் எங்கே தொடங்குகிறது என்றால், மூன்றாவதை முதலாவது என்று சொல்லி விற்கும்போது. நம் ஊரின் வரலாற்றில் இல்லாத ஒன்றை இருந்ததாக நம்பவைப்பது, காசை ஏமாற்றுவதைவிடப் பெரிய கேடு.

இவை ஏன் அச்சாயின?

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அந்தக் காலத்து ரயில் அறிவிப்புகள் எழுத்து நிறைந்த தாள்கள்: நேரம், கட்டணம், விதிகள். பெரிய தாளில் பல வண்ணப் படத்தை மலிவாக அச்சிடலாம் என்று பாரிஸில் ழூல் செரே என்ற ஓவியர் செய்து காட்டியது 1860களின் பிற்பகுதியில்தான். ஆகவே '1856-ஆம் ஆண்டின் வண்ண ரயில் போஸ்டர்' என்று ஒன்று இருக்க வழியில்லை.

ரயில் போஸ்டர் ஒரு கலையாக முதிர்ந்தது 20-ஆம் நூற்றாண்டில். 1908-இல் பிரிட்டனின் கிரேட் நார்தர்ன் ரயில்வே, ஸ்கெக்னஸ் என்ற கடற்கரை ஊருக்கு ஆள் சேர்க்க ஜான் ஹாசல் வரைந்த படத்தை ஒட்டியது: கம்பளிச் சட்டை போட்ட தொந்தி மீனவர் ஒருவர் மணலில் துள்ளிக் குதிக்கிறார். காசிமேட்டுக்காரர் பார்த்தாலும் சிரித்துவிடுவார். பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகள் 1923-இல் நான்கு பெருங்கம்பெனிகளாக இணைந்ததும் போட்டி கூடியது. ஃபிராங்க் நியூபோல்ட், டாம் பர்விஸ், நார்மன் வில்கின்சன் போன்றோர் அப்போது வரைந்தவர்கள். பிரான்சில் ரோஜே புரோதேரும் கசாந்தரும் தனிப் பாணிகளைப் படைத்தார்கள்.

இந்தியாவில் கதை சற்று வேறு. ரயில் நிர்வாகத்தை ஆராய அமைந்த ஆக்வர்த் குழுவின் பரிந்துரைக்குப் பின், 1925-இல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயும் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயும் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன. 'இந்தியன் ஸ்டேட் ரெயில்வேஸ்' என்ற பெயருடன் ஆங்கிலத்தில் 'இந்தியாவைப் பாருங்கள்' என்று அழைக்கும் போஸ்டர்கள் 1920, 30களில் வந்தவை. அழைப்பு வெளிநாட்டுப் பயணிக்கு. அதனால்தான் அவற்றில் தாஜ்மகால், காசிப் படித்துறை, காஷ்மீர் ஏரி, கோயில் கோபுரம், யானை. தமிழில் ஒரு வரிகூட இருக்காது.

நம் பக்கத்து ரயில்கள் அப்போது அரசின் நேரடி நிர்வாகத்தில் இல்லை. மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயும், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சவுத் இந்தியன் ரயில்வேயும் 1944 வரை கம்பெனி நிர்வாகத்தில் இருந்தன. அவை இரண்டும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே ஆயின. இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் போலிகளை வீட்டிலிருந்தபடியே பிடித்துவிடலாம்.

கல்லில் எழுதிய படம்

அசலை அடையாளம் காண, அது அச்சான முறை தெரிய வேண்டும். அதன் பெயர் லித்தோகிராஃபி, கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதே இதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள பென்சிலால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வரையாத இடம் நீரை ஏற்கும், வரைந்த இடம் தள்ளும். பிறகு எண்ணெய் மையை உருட்டினால், மை வரைந்த இடத்தில் மட்டும் பிடிக்கும். தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். வண்ணத்துக்கு ஒரு கல். எட்டு வண்ணம் என்றால் எட்டுக் கற்கள், அதே தாளில் எட்டு முறை அச்சு. பின்னாளில் கல்லின் இடத்தில் துத்தநாகத் தகடு வந்தது.

இது நமக்கு அந்நியமான தொழிலே அல்ல. பாட்டி வீட்டுப் பூஜையறையில் தொங்கிய பழைய லட்சுமி, சரஸ்வதி படங்களை நினைத்துப் பாருங்கள். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த படங்கள் இதே வண்ணக் கல்லச்சு முறையில் ஆனவை. மேல்நாட்டு ரயில் போஸ்டரும் நம் சாமி படமும் ஒரே தொழிலின் பிள்ளைகள்.

சோதனை: கண்ணும் கையும் போதும்

நிபுணரிடம் போகுமுன் வாங்குபவரே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. ஒன்றை மட்டும் செய்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான்கைந்தும் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

1. பூதக்கண்ணாடி. நகைத் தொழிலாளர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்குக் கண்ணாடி போதும். நான்கு வண்ணப் புள்ளிகள் பூப்போல் வரிசையாகச் சுற்றி நின்றால் அது ஆஃப்செட் மறு அச்சு. நுண்ணிய துளிகள் தூவியதுபோல் இருந்தால் இன்க்ஜெட். கல்லச்சில் ஒழுங்கற்ற மணல்போன்ற திட்டுகளும் முழு வண்ணப் பரப்புகளும் தெரியும். 1930களிலேயே புகைப்படங்களைப் புள்ளிகளாக அச்சிட்டதும் உண்டு. எனவே எழுத்துகளைப் பாருங்கள். அசலில் எழுத்து ஒரே மையில் திண்மையாக, கூர்மையான விளிம்போடு இருக்கும். மறு அச்சில் எழுத்தின் விளிம்பும் புள்ளிகளாகச் சிதறும்.

2. அளவு. பிரிட்டிஷ் வழக்கில் 'டபுள் ராயல்' என்பது 25க்கு 40 அங்குலம். அதுவே அகலவாக்கில் இரட்டித்தால் 'குவாட் ராயல்', 50க்கு 40 அங்குலம். 'இந்தியன் ஸ்டேட் ரெயில்வேஸ்' போஸ்டர்களும் பொதுவாக டபுள் ராயல் அளவுதான். சரியாக ஏ3 அளவில் கைக்கு வரும் 'அசல்' பெரும்பாலும் அசல் அல்ல.

3. நீல விளக்கு. கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கின் கீழ் தாளைக் காட்டுங்கள். தாளை வெண்மையாக்கும் ஒளிரும் ரசாயனம் பரவலானது 1950 வாக்கில். தாள் பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது 1930-இன் தாள் அல்ல. ஒளிராததாலேயே பழையது என்றும் ஆகிவிடாது.

4. மடிப்பும் கிழிசலும். உண்மையான மடிப்பில் மை உதிர்ந்து தாளின் நார் தெரியும், விரலுக்கு உறுத்தும். மறு அச்சில் மடிப்பும் படத்தோடு சேர்ந்து அச்சாகியிருக்கும். தடவினால் வழவழ.

5. பெயர்களும் ஆண்டுகளும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான், செலவே இல்லை. 'சென்னை' என்று ஆங்கிலத்தில் எழுதிய 1930-ஆம் ஆண்டு போஸ்டரா? ஆங்கிலத்தில் மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது 1996-இல். 'தெற்கு ரயில்வே' என்று போட்டிருந்தால் 1951-க்குப் பின். 'தமிழ்நாடு' என்பது மாநிலத்தின் பெயரானது 1969-இல். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972-க்குப் பின். வைகை எக்ஸ்பிரஸ் படம் என்றால் 1977-க்குப் பின். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அதற்கு முந்தைய ஆண்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பாதையில் மின்கம்பி தெரிந்தால் படம் பொய் சொல்கிறது.

6. அச்சகத்தின் பெயர். அசல்களின் கீழ் ஓரத்தில் சிறு எழுத்தில் அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் இருக்கும். நகலெடுப்பவர்கள் ஓரத்தை வெட்டும்போது முதலில் போவது அந்த வரிதான்.

படம் யாருக்குச் சொந்தம்?

இணையத்தில் கிடைத்த படத்தைத் தரவிறக்கி, பாரிமுனைப் பக்கம் ஒரு டிஜிட்டல் அச்சகத்தில் கொடுத்து எடுத்துக்கொள்ளலாமா என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அரசின் படைப்புக்கும், ஆசிரியர் பெயரில்லாமல் வந்த படைப்புக்கும் வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள்.

கணக்குப் போட்டால்:

1. 1930களில் வெளியான இந்திய அரசு ரயில்வே போஸ்டர்களுக்கு இங்கே உரிமைக் காலம் முடிந்துவிட்டது.

2. 1948-இல் இறந்த ஹாசல், 1951-இல் இறந்த நியூபோல்ட், 1953-இல் இறந்த புரோதேர் ஆகியோரின் படங்களும் இங்கே பொதுச்சொத்து.

3. 1968-இல் இறந்த கசாந்தரின் படங்களுக்கு 2028 முடியும் வரை உரிமை உண்டு. 1971-இல் இறந்த வில்கின்சனுக்கு 2031 முடியும் வரை. போஸ்டர் 1920களுடையதாக இருந்தாலும் கணக்கு ஓவியரின் இறப்பிலிருந்துதான். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

4. இன்றைய ஓவியர் பழைய பாணியில் வரைந்த ராயபுரம் படம் முழுக்க அவருடையது. பழையதுபோல் தோன்றுவதால் அது பொதுச்சொத்து ஆகாது. அதை அனுமதியின்றி அச்சிடுவது அவர் உழைப்பைத் திருடுவது.

அசல் போஸ்டர் வைத்திருப்பவருக்கு இன்னொரு சட்டமும் பொருந்தலாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருளும், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த ஆவணமும் தொல்பொருளாகக் கருதப்படலாம். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உள்ளது. வெளியூர் உறவினருக்குப் பரிசாக அனுப்ப நினைப்பவர் முதலில் இதை விசாரிக்க வேண்டும்.

எத்தனை புள்ளிகள் வேண்டும்?

அருகில் நின்று பார்க்கும் அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் நல்லது, சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு 150 போதும். டபுள் ராயல் அளவுக்கு 150 என்றாலே 3,750க்கு 6,000 புள்ளிகள் தேவை. கைப்பேசியில் சேமித்த 1,080 புள்ளி அகலப் படத்தை 25 அங்குலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 43 புள்ளிதான் மிஞ்சும். அதையே 11.7 அங்குல அகலமுள்ள ஏ3-இல் அச்சிட்டால் 92. அதுவும் குறைவு. அச்சகத்தில் 'நிறமி மை' (பிக்மென்ட் இங்க்) இருக்கிறதா என்று கேளுங்கள். சாயமையைவிட நிறமி மை வெளிச்சத்தில் அதிக நாள் தாங்கும்.

உப்புக் காற்றும் ஓதச் சுவரும்

அலங்காரக் குறிப்புகளில் பெரும்பாலும் வராத விஷயம் இது. வடசென்னைக்கு இதுதான் முதல் விஷயம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கூப்பிடு தூரம். காற்றோடு வரும் உப்பு சுவரிலும் கம்பியிலும் துணியிலும் படிகிறது. சோற்றுப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அது நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது அன்றாடம். மழை பெய்யாத நாளிலும் சில சுவர்கள் வியர்ப்பதற்கும், காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூப்பதற்கும் ஒரு காரணம் இதுதான். பழைய வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்களில் தரையிலிருந்து ஏறும் ஓதமும் சேர்ந்துகொள்ளும்.

தாளுக்கு இவற்றால் என்ன ஆகும்? பழைய போஸ்டர்கள் நீண்ட நாள் நிற்கச் செய்யப்பட்டவை அல்ல. மலிவான மரக்கூழ்த் தாளில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகி, அமிலம் சுரந்து, தாளை அப்பளம்போல் நொறுங்க வைக்கும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை வரும். பழுப்புப் புள்ளிகள் தோன்றும். தாளில் உள்ள கஞ்சியைத் தின்ன இராமபாணப் பூச்சி வரும். சுவர் ஈரமென்றால் கரையானும் வரும்.

வெளிச்சம் இன்னொரு எதிரி. அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சமே தருகின்றன. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மங்கிய வண்ணம் திரும்ப வராது, இடையில் இருட்டில் வைத்தாலும் பட்ட சேதம் கூட்டலாகவே நிற்கும்.

ஆகவே என் முடிவு உறுதியானது: வடசென்னையில் அசலைச் சுவரில் மாட்டாதீர்கள். நல்ல ஸ்கேன் எடுத்து, மறு அச்சை மாட்டுங்கள். அசல், அமிலமற்ற உறையில், மடிக்காமல், தட்டையாக, தரையைவிட்டு உயரத்தில், உட்சுவர் ஓர அலமாரியில் இருக்கட்டும். வெள்ளம் புகுந்த தெருக்களில் கீழ்த்தட்டில் எதை வைக்கலாம் என்பது அந்தத் தெருக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அசலைச் சட்டமிட்டே ஆக வேண்டும் என்பவருக்கும், மறு அச்சு நெடுநாள் நிற்க வேண்டும் என்பவருக்கும், தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடியும் சட்டமும் விற்கும் கடைகளில் சொல்ல வேண்டியவை இவை:

1. லேமினேஷன் கூடாது. அசல் என்றால் அது கொலைக்குச் சமம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமின்றி உரிக்க முடியாது.

2. பலகையில் ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமைக் கஞ்சிப் பசையும் கொண்டு தொங்கவிட வேண்டும். மரப்பசை, பழுப்பு டேப் இரண்டும் ஆகாது.

3. கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. நடுவில், படத்தைச் சுற்றி விளிம்பாக வரும் அமிலமற்ற மவுண்ட் அட்டை வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி ஈரத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், சாமி படங்களில் பார்த்திருப்பீர்கள்.

4. பின்பக்கம் ஹார்ட்போர்டு மட்டும் வைக்கச் சொல்லாதீர்கள். அது அமிலத்தைக் கக்கும். தாளுக்கும் அதற்கும் இடையே அமிலமற்ற அட்டை இருக்க வேண்டும்.

5. கொக்கியும் கம்பியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் குமிழ்கள் ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். செலவு குறைந்த, பலன் மிகுந்த வேலை இதுதான்.

6. வெளிச்சுவர், குளியலறைச் சுவர், அடுக்களைச் சுவர் மூன்றையும் தவிர்த்து உட்சுவரில் மாட்டுங்கள்.

படத்தில் இல்லாதவர்கள்

அந்தப் போஸ்டர்கள் எவ்வளவு அழகானவையோ அவ்வளவு குறைபட்டவை. ரயில்களின் பயணி வருமானத்தில் பெரும்பங்கைத் தந்தவர்கள் மூன்றாம் வகுப்புப் பயணிகள். அவர்கள் பட்ட பாட்டைப் பற்றி 1917-இல் காந்தி எழுதினார். அவர்கள் போஸ்டரில் இல்லை. பெரம்பூர்ப் பணிமனையில் பெட்டி செய்தவர்கள் இல்லை, சால்ட் கொட்டார்ஸ் சரக்கு நிலையத்தில் மூட்டை இறக்கியவர்கள் இல்லை. ரயிலைத் தங்கள் தோளில் வைத்துத் தாங்கிய பகுதி, விளம்பரத்தில் ஒரு மூலையிலும் தெரியவில்லை. இதை எண்ணி வருந்துவதோடு நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். இடைவெளியை நிரப்பும் தாள்கள் இந்தப் பகுதி வீடுகளிலேயே இருக்கின்றன.

ராயபுரத்தில் ரயில்வே அச்சகம் இயங்கியது. சிறிய தடித்த அட்டை டிக்கெட்டுகள், தாத்தாவின் பணிச் சான்றிதழ், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் எடுத்த குழுப் புகைப்படம், குடும்பப் பாஸ், பழைய கால அட்டவணை: டிரங்குப் பெட்டியின் அடியில் இவற்றுள் ஒன்றாவது கிடக்கும். ஒரு டிக்கெட்டை 1,200 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தால், நான்கு மடங்கு பெரிதாக்கியும் 300 புள்ளித் தெளிவு குறையாது. ஓட்டை போட்ட அடையாளமும் தேதி முத்திரையும் சுவரில் தெளிவாக நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எஃப். வளாகத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வரலாம்.

எதை மாட்டினாலும் பின்பக்க அட்டையில் பென்சிலால் நான்கு வரி எழுதி வையுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறும், பென்சில் ஊறாது. படம் எந்த ஆண்டினது, அசல் யாரிடம் இருக்கிறது, இது மறு அச்சானால் எப்போது எங்கே அச்சிட்டது, வரைந்தவர் யார். சட்டத்தை மூடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள், மூடிய பிறகு யாரும் பிரிப்பதில்லை.